கைநாட்டிலிருந்து மாற்கு நற்செய்தி வரை

முப்பத்தொரு வருடம் முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவள் நான். ஓய்வு பெற்ற கையோடு, 2013இல், கிளிநொச்சி மாவட்டத்து அக்கராயன் பக்கத்தில் எங்கள் கிறிஸ்தவ சபையின் தகரக் கொட்டகையில் பெரியவர்களுக்கு எழுத்து வகுப்பு ஒன்றைத் தொடங்கினேன். ஏழு பெண்கள் வந்தார்கள். பிள்ளைகளுக்குக் கற்பித்த அதே வழியில் அ, ஆ என்று தொடங்கி, நெடுங்கணக்கு முழுவதையும் அட்டையில் எழுதிச் சுவரில் தொங்கவிட்டேன். மூன்று மாதத்தில் மூன்று பேர்தான் மிஞ்சினார்கள். அவர்களும் அம்மா, ஆடு என்று ஒப்புவித்தார்களே தவிர, கிளினிக் கொப்பியில் தங்கள் பெயர் எங்கே இருக்கிறது என்று காட்ட முடியவில்லை.

அதற்குப் பிறகு கேட்டும் படித்தும், செய்து பார்த்துத் திருத்தியும் வந்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். மாங்குளம், மல்லாவி, விசுவமடு என்று பல இடங்களில் இருந்து, எங்கள் சபையிலும் செய்யலாமா, எப்படித் தொடங்குவது என்று கேட்கிறார்கள். வேதத்தைத் தாங்களே வாசிக்க வேண்டும் என்று ஆசைப்படும் பெண்களை மனதில் வைத்துச் சொல்கிறேன். சைவப் பெண்களும் வருவார்கள். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் யார் வருகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். என் வகுப்புக்கு வந்தவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. 1958, 1977 கலவரங்களுக்குப் பிறகு மலையகத் தோட்டங்களில் இருந்து வந்து வன்னிக் காட்டோரத்தில் குடியேறிய குடும்பங்களின் பெண்கள் ஒரு வகை. ஊரார் காணியில் களை எடுத்து, கச்சான் பிடுங்கிச் சீவித்த வீடுகளில் பெண்பிள்ளை பள்ளிக்கூடம் போனால் தம்பி தங்கச்சியைப் பார்க்க ஆள் இல்லை. மற்ற வகை, இடப்பெயர்வில் படிப்பு அறுந்தவர்கள். மூன்றாம் வகுப்பில் ஓடத் தொடங்கி, 2009க்குப் பிறகு முகாமில் இருந்து வெளியே வரும்போது இடுப்பில் பிள்ளையோடு நின்றவர்கள். இரண்டு வகையினருக்கும் வெட்கம் ஒன்றுதான். ஆகவே ஞாயிறு ஆராதனையில் ‘எழுத்துத் தெரியாதவர்கள் வரலாம்’ என்று தயவுசெய்து அறிவிக்காதீர்கள். கை தூக்க யாரும் வரமாட்டார்கள்.

கிணற்றடிக்குப் போங்கள், வயல் வரம்புக்குப் போங்கள். தனித்தனியாக ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “உங்களுக்கு எதை வாசிக்க வேணும்?” எனக்குக் கிடைத்த பதில்களை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். ஒருவருக்குக் கிளினிக் கொப்பி. ஒருவருக்கு பஸ்ஸின் பெயர்ப்பலகை. ஒரு கடன் கம்பனியின் தாளில், அது பிணை என்று தெரியாமல் கைநாட்டு வைத்து, வேறொருத்தியின் கடனை இரண்டு வருடம் கட்டிய ஒரு தங்கச்சிக்கு அந்தத் தாள். எழுபது வயது அம்மா ஒருவர், “எனக்கு இருபத்திமூன்றாம் சங்கீதம் மட்டும் காணும் பிள்ளை” என்றார். பாடத் திட்டம் இந்தக் கொப்பியில் இருந்துதான் வர வேண்டும்.

அடுத்தது கண்ணாடி. இதை எழுத்துக்கு முன்னால் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நாற்பது தாண்டியவர்களுக்கு வெள்ளெழுத்து வந்திருக்கும். படிப்பே இல்லாதவருக்கு அது வந்ததே தெரியாது. ஊசியில் நூல் கோர்க்கப் பேரப்பிள்ளையைக் கூப்பிடுவார், அவ்வளவுதான். ஒரு அம்மாவுக்கு மண்டையில் ஏறவில்லை என்று இரண்டு மாதம் நினைத்திருந்தேன். ஒருநாள் என் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு கொப்பியைப் பார்த்தவர், “இதில கோடும் போட்டிருக்கா ரீச்சர்?” என்றார். அவர் அதுவரை கோட்டையே கண்டதில்லை. அன்றிலிருந்து ஒன்றரை, இரண்டு, இரண்டரைப் பவரில் ஐந்தாறு வாசிப்புக் கண்ணாடிகள் வகுப்புப் பெட்டியில் இருக்கின்றன. வெண்கட்டி வாங்குமுன் இதை வாங்குங்கள்.

நேரத்தை வயல் தீர்மானிக்கட்டும். வாரத்தில் இரண்டு பின்னேரம், ஒன்றரை மணி நேரம். பெரும்போக விதைப்புக் காலத்திலும் மாசி, பங்குனி அறுவடையிலும் வகுப்பை நிறுத்திவிடுங்கள். நிறுத்தாவிட்டாலும் அவர்கள் வரமாட்டார்கள், வராததற்குக் குற்ற உணர்வு வேறு சேரும். சாமான்கள் பெரிதாக ஒன்றும் வேண்டாம். கரும்பலகை, கோடு போட்ட கொப்பி, இருட்டாக எழுதும் பென்சில், மின்சாரம் போனால் சோலர் விளக்கு. பிளேன்ரீயும் பனங்கட்டியும் இருந்தால் நல்லது.

சரி, முதல் எழுத்து எது? என் அனுபவத்தில் முதல் எழுத்து என்று ஒன்று இல்லை, முதல் சொல்தான் இருக்கிறது. நான் ‘கடன்’ என்ற சொல்லில் தொடங்குகிறேன். பலகையில் எழுதுமுன் இருபது நிமிடம் அதைப் பற்றிப் பேச விடுவேன். யாரிடம் வாங்கினீர்கள், எதற்கு வாங்கினீர்கள், கிழமைக்கு எவ்வளவு கட்டுகிறீர்கள். அந்தப் பேச்சு சூடாக இருக்கும்போதே பெரிதாக எழுதுவேன்: கடன். முழுச் சொல்லாக எல்லாரும் வாசிப்பார்கள். பிறகு க, ட, ன் என்று பிரித்து, ஒவ்வொன்றையும் தனி அட்டையில் காட்டுவேன். இரண்டாம் நாள் ‘படம்’. இப்போது கையில் ஐந்து எழுத்தும் ஒரு புள்ளியும் இருக்கின்றன: க, ட, ன, ப, ம. இவற்றை அட்டைகளாகக் கொடுத்து, எத்தனை சொல் வருகிறது என்று அவர்களையே அடுக்கச் சொல்லுங்கள். பட்டம், பக்கம், கட்டம், மனம், மடம், கப்பம் எல்லாம் வரும். மூன்றாம் நாளே ஒரு பெண் ‘கடகம்’ என்று அடுக்கிவிட்டு, தான் பொத்திவரும் கடகத்தைத் தூக்கி மேசையில் வைத்தார். நான் அந்தச் சொல்லை யோசித்திருக்கவே இல்லை. ஒரு காலும் கொம்பும் தெரியாமல் இத்தனை சொல் வாசிக்க முடியும் என்று கண்டவர் நாலாம் நாளும் வருவார்.

புள்ளிக்கு ஒரு முழுப் பின்னேரம் ஒதுக்குங்கள். ‘ம’ என்றால் வாய் திறக்கும், ‘ம்’ என்றால் வாய் மூடும். முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் நிற்க வைத்துச் சொல்லச் சொல்லுங்கள். அதன் பின் ‘காணி’. அதில் காலும் மேல்விசிறியும் வந்துவிடும். பிறகு ‘குளம்’. உகர வரிசைதான் பெரியவர்களைக் களைக்க வைப்பது: கு, டு, மு, சு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு முகம். அதை வரிசையாகப் படிப்பிக்க வேண்டாம். சொல்லோடு சொல்லாக வந்து போகட்டும். 247 எழுத்தும் இருக்கும் அட்டையை நான் கழற்றிச் சுருட்டி வைத்துவிட்டேன். ஒரு வருடம் கழித்து விரித்துக் காட்டியபோது, “இதுதானா எல்லாம்” என்றார்கள்.

வாழ்க்கையில் கனத்த சொல்லில் இருந்து எழுத்தைத் தொடங்கும் இந்த முறையை பிரேசில் நாட்டின் பாவுலோ பிரேரே 1963இல் அங்கிகோஸ் என்ற சிற்றூரில் 300 தொழிலாளர்களோடு, 40 மணி நேரப் பாடத்தில் செய்து காட்டினார். அதே மனிதர் 1970களின் நடுவில், புதிதாக விடுதலை பெற்ற கினி-பிசாவு நாட்டுக்கு உதவப் போனார். மேற்கு ஆபிரிக்காவின் சிறிய, ஏழை நாடு அது. அங்கே எழுத்தறிவு வகுப்புகளைப் போர்த்துக்கீச மொழியில் நடத்த அரசு முடிவு செய்தது. சனங்கள் பேசியதோ கிரியோல், பலந்தா, ஃபுலா போன்ற மொழிகள். ஆசிரியர் அவரே, முறையும் அதுவே, ஆனால் அந்த இயக்கம் பெரும்பாலும் கைகூடவில்லை. மொழி வாயில் இல்லாதபோது சொல் எவ்வளவு கனமாக இருந்தும் பயனில்லை.

நாங்கள் தமிழில்தானே படிப்பிக்கிறோம், எங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை என்று நானும் நினைத்தேன். இருக்கிறது. என் வகுப்பில் வன்னிப் பெண் “வாறன் எண்டு சொன்னவள்” என்பார். பக்கத்தில் இருக்கும் மலையகத்துப் பெண் “வர்றேன்னு சொன்னா” என்பார். அச்சில் “வருகிறேன் என்று சொன்னாள்” என்று இருக்கும். அச்சில் உள்ளதை மட்டும் சரி என்று சொன்ன அன்று, இரண்டு பேருமே வாயை மூடிக்கொண்டார்கள். இப்போது மூன்றையும் பலகையில் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதுவேன். எண்டு, ன்னு, என்று. முதல் ஆறு மாதம் அவரவர் பேசுகிறபடியே எழுதலாம். நான் சிவப்பு மையால் திருத்துவதில்லை. எழுத்து தன் பேச்சைப் பிடித்து வைக்கும் என்று ஒருவர் உணர்ந்தபின், அச்சுத் தமிழைக் கற்றுக் கொடுப்பது அவ்வளவு கஷ்டம் இல்லை.

வாசிப்புப் புத்தகத்தை வகுப்பே செய்ய வேண்டும். இதற்கு எனக்குத் துணிவு தந்தது எத்தியோப்பியாவின் ஒரோமோ மக்களின் கதை. ஒனெசிமோஸ் நெசிப் என்பவர் சிறுவயதிலேயே பிடிக்கப்பட்டு அடிமையாக விற்கப்பட்டவர். 1870இல் மசாவாத் துறைமுகத்தில் விடுதலை பெற்று, சுவீடன் மிஷனரிகளிடம் படித்தார். தன் மக்களுக்கு வேதத்தை ஒரோமோவில் தர வேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் பிள்ளை வயதில் ஊரை விட்டுப் பிரிந்தவருக்குத் தாய்மொழிச் சொற்கள் போதவில்லை. அந்தக் குறையைத் தீர்த்தவர் அஸ்தர் கன்னோ என்ற பெண். அவரும் அடிமைத்தளையில் இருந்து 1886இல் மீட்கப்பட்டவர்தான். அவர் தன் நினைவில் இருந்த சொற்களைத் தொகுத்துக் கொடுத்தார். விடுகதை, கதை, பழமொழி, பாட்டு என்று ஐந்நூறைச் சேர்த்தார். அவற்றில் பலவற்றை வைத்து 1894இல், புதிதாக வாசிக்கத் தொடங்குவோருக்கான புத்தகம் வந்தது. புதிய ஏற்பாடு 1893இலும் முழு வேதாகமம் 1899இலும் அச்சாகின. வேதம் வந்த அதே காலத்தில், அடுப்படியில் சொல்லும் விடுகதையும் வாசிப்புப் பாடமாக வந்ததைக் கவனியுங்கள். அஸ்தரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு என் வகுப்புப் பெண்களின் முகம்தான் வரும்.

நாங்களும் அப்படியே செய்தோம். ஒரு பின்னேரம் முழுவதும் விடுகதை மட்டும். “ஆயிரம் தச்சர் கூடி அழகான மண்டபம் கட்டி, ஒருவன் கண்பட்டு உடைந்ததாம் மண்டபம்” என்று ஒருவர் சொன்னார். தேனெடுக்கக் காட்டுக்குப் போகும் வீட்டுப் பெண்ணுக்குத் தேன்கூடு என்ற விடை உடனே வந்தது. சொன்னபடியே எழுதி, பெரிய எழுத்தில் அடித்து, தாளை இரண்டாக மடித்து, கிளிநொச்சியில் போட்டோப் பிரதி எடுத்துத் தைத்தோம். பக்கத்துக்கு நாலு வரிக்கு மேல் போடாதீர்கள். வரிக்கு நாலைந்து சொல் போதும். சொல்லை வரி முடிவில் உடைக்கக் கூடாது. புதிதாக வாசிப்பவருக்கு உடைந்த சொல் இரண்டு சொல். சொன்னவரின் பெயரைக் கதையின் அடியில் போடுங்கள். தன் பெயர் அச்சில் இருக்கும் பக்கத்தை யாரும் தொலைப்பதில்லை.

இனி வேதத்துக்கு வருவோம். தமிழுக்கு வேதம் புதிது இல்லை. தரங்கம்பாடியில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது 1715இல். முந்நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆபிரிக்காவில் பல சமூகங்கள் எழுத்தையே உருவாக்கி, பிறகு மொழிபெயர்த்து, பிறகு வாசிக்கப் பழக்க வேண்டியிருந்தது. எங்களிடம் எழுத்தும் இருக்கிறது, புத்தகமும் இருக்கிறது. இந்தப் பெண்களுக்குப் புத்தகத்துக்குப் போகும் பாதைதான் இல்லை. அதை நாங்கள் போட வேண்டும்.

மாற்கு நற்செய்தியில் தொடங்குங்கள். நான்கில் சிறியது, 16 அதிகாரம்தான். கதை கதையாக ஓடும். பல மொழிகளில் மொழிபெயர்ப்பாளர்கள் முதலில் எடுப்பதும் அதைத்தான். எந்த மொழிபெயர்ப்பு என்று கேட்டால், முதலில் 1995இல் வந்த திருவிவிலியம். அதன் தமிழ் இன்றைய உரைநடைக்குக் கிட்ட இருக்கிறது. பிறகு எங்கள் சபைகளில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பு. அதைத் தவிர்க்க முடியாது. அவர்கள் காதால் கேட்டு மனதில் வைத்திருப்பது அதைத்தான்.

பாடம் நடத்தும் விதத்தை ஆபிரிக்க மொழிபெயர்ப்புக் குழுக்களிடம் இருந்து எடுத்துக்கொண்டேன். அவர்கள் ஒரு பகுதியை மொழிபெயர்த்ததும், அந்த வேலையில் கலந்துகொள்ளாத ஊரவரிடம் வாசித்துக் காட்டி, கேட்டதைத் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். சொல்வது பிசகினால், பிழை கேட்டவரிடம் இல்லை என்று எடுத்துக்கொண்டு மொழிபெயர்ப்பைத் திருத்துவார்கள். இதைக் கேள்விப்பட்ட நாளில் இருந்து என் வகுப்பில் “விளங்கேல்லையா?” என்று கேட்பதை நிறுத்திவிட்டேன். புத்தகங்களை மூடிவைக்கச் சொல்லி, பகுதியை இரண்டு தரம் நிதானமாக வாசிப்பேன். பிறகு ஒருவர் தன் பேச்சில் திருப்பிச் சொல்வார். நான் அதை அப்படியே பலகையில் எழுதுவேன். எல்லாரும் அதை வாசிப்பார்கள். அதற்குப் பிறகுதான் புத்தகம் திறக்கும்.

நாலாம் அதிகாரத்தின் விதைக்கிறவன் உவமையை இப்படித்தான் படித்தோம். “வழியருகே விழுந்தது” என்பதை ஒருவர், “வரம்பில கொட்டுப்பட்டுப் போச்சு, குருவி வந்து பொறுக்கிற்றுது” என்று சொன்னார். பலகையில் ஏறியது. பிறகு முப்பது, அறுபது, நூறு மடங்கு என்ற இடம் வந்தது. அதுவரை பேசாமல் இருந்த ஒரு அம்மா விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். ஏக்கருக்கு இரண்டு புசல் நெல் விதைக்கிறோம். நூறு புசல் எடுத்தால் நல்ல விளைச்சல். அது ஐம்பது மடங்கு. “அப்ப நூறு மடங்கெண்டால் ஏக்கருக்கு இருநூறு புசலா? ஆர் கண்டது!” இயேசுவின் கதையைக் கேட்ட கலிலேயா விவசாயிகளும் அப்படித்தான் வாயைப் பிளந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். அந்தப் பின்னேரமே பெருக்கல் கணக்கும் படித்துவிட்டோம்.

இன்னொரு நாள், லெந்து காலத்தில், ஆராதனையில் கேட்ட ஏசாயா வசனத்தைப் பற்றி ஒருவர் கேட்டார். பழைய மொழிபெயர்ப்பில் பாவங்கள் “உறைந்த மழையைப்போல் வெண்மையாகும்” என்று இருக்கும். உறைந்த மழை என்றால் என்ன? ஐஸ்கட்டி வெள்ளை இல்லையே, அது கண்ணாடி மாதிரி அல்லவா என்று வாதம் வந்தது. எனக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அப்போது, கச்சான் தோட்டத்தில் கூலிக்குப் போகும் ஒரு அம்மா மெதுவாக வாய் திறந்தார். அவர் பிறந்தது நுவரெலியாப் பக்கம். 1977க்குப் பிறகு சிறுபிள்ளையாக இங்கே வந்தவர். “தை மாசத்துல வெடியக்காலையில தேயில மேல உப்பு கொட்டுன மாதிரி வெள்ளையா பூத்துக் கெடக்கும் ரீச்சர். கை வச்சா சுடுற மாதிரி இருக்கும். வெயில் வந்தா தண்ணியாப் போயிரும். எங்கம்மா அத மிதிக்காதன்னு கத்தும்.” கொட்டகையில் ஒரு சத்தமும் இல்லை. யாருக்கும் விளங்காத வசனத்துக்கு அவர் நினைவில் பொருள் இருந்தது. அவர் சொன்னதை அவர் பேச்சிலேயே, ‘கெடக்கும்’ என்று, எழுதினேன். அடுத்த கிழமை அவரே அதைப் பார்த்து வாசித்தார்.

சைவப் பெண்கள் வந்தால் என்ன செய்வது? எழுத்துக்கு வேதத்தை விலையாக்காதீர்கள். இதில் நான் கொஞ்சமும் வளைந்து கொடுக்கமாட்டேன். எங்கள் வகுப்பில் கடைசி அரை மணி நேரம்தான் மாற்கு. சைவப் பெண்கள் விரும்பினால் இருக்கலாம், இல்லாவிட்டால் அந்த நேரத்தில் வேறு வாசிப்பு. ஒரு பெண் வற்றாப்பளை அம்மன் பொங்கல் பற்றித் தான் சொன்னதை எழுதி, அதையே வாசித்து வாசித்துத்தான் எழுத்துப் பிடித்தார். சபையில் ஒரு சிலர் முகம் சுளித்தார்கள். அந்தப் பெண்ணின் பெயரும் எங்கள் விடுகதைப் புத்தகத்தில் இருக்கிறது.

சோதனை வைக்க வேண்டாம். ஒருவர் வாசிக்கப் பழகிவிட்டாரா என்று பார்க்க, நான் ஒருபோதும் காட்டாத தாள் ஒன்றைக் கொடுப்பேன். கிராம சேவகர் ஒட்டிய அறிவித்தல், மருந்துப் பெட்டி, பிள்ளையின் பள்ளிக்கூடக் கடிதம். தடுமாறி வாசித்தாலும், என்ன சொல்கிறது என்று தன் பேச்சில் சொல்லிவிட்டால் போதும். வேகமாக வாசித்துவிட்டுப் பொருள் சொல்லத் தெரியாதவர் இன்னும் வகுப்பில் இருக்க வேண்டும். கைபேசியில் தமிழ் விசைப்பலகையையும் போட்டுக் கொடுங்கள். வெளிநாட்டில் இருக்கும் மகனுக்குக் குரல் அனுப்பிக்கொண்டிருந்தவர் முதல் தடவை ‘சாப்பிட்டியா’ என்று எழுதி அனுப்பினால், அடுத்த கிழமை ஐந்து புதுச் சொல் கேட்பார்.

முதல் வகுப்பு மாற்குவின் கடைசி அதிகாரத்துக்கு வர ஒன்றரை வருடம் எடுக்கும். அதற்குள், வகுப்பில் இருந்தே ஒருவரைத் துணை ஆசிரியராகப் பழக்கிவிடுங்கள். அதிகம் கெட்டிக்காரரைத் தேட வேண்டாம். மற்றவர் தடுமாறும்போது பொறுத்திருக்கத் தெரிந்தவரைத் தேடுங்கள். எங்கள் இரண்டாவது வகுப்பைத் தொடங்கியவர் அந்தத் தேயிலைத் தோட்டத்து அம்மாதான். பங்குனி அறுவடை முடிந்ததும், கண்ணாடிப் பெட்டியும் அட்டைகளும் அவர் வீட்டுக்குப் போய்விட்டன. முதல் சொல்லை மட்டும் மாற்றிவிட்டார். அவர் ‘பனி’ என்று தொடங்குகிறார்.